கிணறு வெட்டக் கூடாது, கருத்தரங்கு நடத்தலாம்

உங்கள் ஊருக்கு நல்லது செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறை 2011இல் ஒரு நிதியைத் தொடங்கியது. அலுமினி என்கேஜ்மென்ட் இன்னொவேஷன் ஃபண்ட் என்று பெயர். வாய் வலிக்கிறவர்கள் ஏ.இ.ஐ.எஃப். என்பார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு திட்டத்துக்கு 5,000 டாலரில் தொடங்கி 35,000 டாலர் வரை கொடுத்திருக்கிறார்கள். உச்சவரம்பு நம் கணக்கில் முப்பது லட்சம் ரூபாய்க்குப் பக்கம் வரும். உலகம் முழுக்கச் சுமார் 500 திட்டங்கள் இப்படிப் பிழைத்திருக்கின்றன. கேட்க இனிக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: ஊரில் என்ன குறை என்று தெரிந்தவர் இந்தப் பணத்தைக் கேட்க முடியாது. அமெரிக்க அரசின் பரிமாற்றத் திட்டம் ஏதாவது ஒன்றில் கலந்துகொண்டு வந்தவர்தான் கேட்கலாம். அதுவும் குறைந்தது இரண்டு பேர் கூட்டுச் சேர வேண்டும்.

நாற்பது வருடமாகக் குழாயடியில் நின்ற பெண்ணுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை தெரியாது. மூன்று வாரம் வாஷிங்டனில் ஓட்டல் குழாயைத் திறந்து பார்த்தவருக்குத் தெரியும். இதுதான் தகுதி விதியின் சாரம். சரி, அந்தப் பெண்ணும் ஒருமுறை போய்வந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஐ.வி.எல்.பி. என்கிற புகழ்பெற்ற பரிமாற்றப் பயணத்துக்கு விண்ணப்பமே கிடையாது. தூதரகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். தூதரகத்தின் பார்வை குழாயடி வரைக்கும் எட்டும் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். ஃபுல்பிரைட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் முதலில் பட்டம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், நம்மைப் புகழ்ந்து கடிதம் எழுதப் பேராசிரியர்கள் வேண்டும்.

போகட்டும், பணம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன செய்யலாம்? அதற்கு முன்னால், என்ன செய்யக் கூடாது என்று ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. இதை எழுதியவருக்கு என்றாவது ஒரு நாள் யாராவது நேரில் பதில் சொல்ல வேண்டும். கட்டுமானம் கூடாது. அறக்கொடை, வளர்ச்சிப் பணி கூடாது. தனிப்பட்ட யாருக்கும் கல்வி உதவித்தொகை கூடாது. ஊழியருக்குச் சம்பளம் கூடாது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, மக்களுக்கு நேரடியாகச் சமூகச் சேவை எதையும் வழங்கக் கூடாது.

சமூகத் திட்டத்துக்கான நிதி, சமூகத்துக்கு எதையும் கொடுக்கக் கூடாது!

அப்படியானால் எதற்குத்தான் செலவு செய்யலாம்? மண்டபம் பிடிக்கலாம். பேச்சாளருக்கு மதிப்பூதியம் கொடுத்து, வண்டி வைத்துக் கூட்டிவந்து, தங்க அறையும் போடலாம். வேலைக்கு நடுவே சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக்கும் பில் வைக்கலாம். கையேடு அச்சடிக்கலாம், விளம்பரம் செய்யலாம். ஆக, கிணறு வெட்டினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள். கிணற்றின் முக்கியத்துவம் பற்றி இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் வைத்தால் 'புதுமை' என்று கைதட்டுவார்கள். தினமும் சாயங்காலம் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லித்தரும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் போட வழியில்லை. அவளுக்குப் 'பயிற்சி' கொடுக்க நகரத்திலிருந்து வருகிறவருக்கு உண்டு. அவள் பயிற்சி பெற்றதற்கு அடையாளமாக ஒரு சான்றிதழும், அமெரிக்கக் கொடி போட்ட ஃபிளெக்ஸின் முன்னால் ஒரு குரூப் போட்டோவும் கிடைக்கும். போட்டோவில் அவள் கடைசி வரிசை.

விதி போட்டவர்களிடம் கேட்டால் நியாயம் சொல்வார்கள். இது ஒருமுறைப் பணம், சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் போனால் அடுத்த வருடம் என்ன ஆகும்? இது வளர்ச்சி நிதி அல்ல, பொது ராஜதந்திரத்துக்கான நிதி. மிகவும் சரி. அப்படியென்றால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உங்கள் பெயர் எங்கள் ஊரில் நன்றாக இருப்பதற்காக நீங்கள் செலவழிக்கும் பணம் இது என்று சொல்லுங்கள். இந்த ராஜதந்திரத்துக்கு அடித்தளம் போட்ட, 1948ஆம் ஆண்டின் ஸ்மித்–மண்ட் சட்டத்துக்கு அந்த வெட்கம்கூட இல்லை. மற்ற நாடுகளில் அமெரிக்காவைப் பற்றிய புரிதலை வளர்ப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 'சமூகம்' என்ற முலாமெல்லாம் பின்னால் வந்த பூச்சு.

விண்ணப்பக் கூத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில் வாங்குவதென்றால் அமெரிக்க அரசின் ‘சாம்’ இணையப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 2022 நவம்பர் வரை, அதில் ஏற விரும்பும் வெளிநாட்டு அமைப்புகள் என்கேஜ் என்ற குறியீட்டை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அந்தக் குறியீட்டின் முதல் எழுத்து நேட்டோவைக் குறிக்கிறது. ஆமாம், அதே ராணுவக் கூட்டணிதான். ஏவுகணை சப்ளை செய்கிற கம்பெனியும், பெண் பிள்ளைகளுக்கு நூலகம் நடத்துகிற சங்கமும் ஒரே வரிசையில் நின்று எண் வாங்கின. நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பரிமாற்ற மரபின் மூலவர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட். அர்கன்சாவின் செனட்டர். உலகப் போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற காசில் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளலாம் என்ற அவருடைய சட்டம் 1946இல் நிறைவேறியது. நல்ல யோசனை, மறுக்கவில்லை. அதே மனிதர்தான் 1956இல், பள்ளிகளில் இன ஒதுக்கலை ஒழிக்கும் தீர்ப்பை எதிர்த்த தெற்கத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். 1964இல் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். கடல் கடந்த மாணவர்களோடு பரஸ்பரப் புரிதல் வேண்டும். சொந்த மாநிலத்துக் கறுப்புப் பிள்ளை வெள்ளைப் பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டாம்.

நன்றியுணர்ச்சி வாங்குவதற்கென்று வைத்த இந்தச் சில்லறையைக்கூட அவர்களால் ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற கையோடு வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தினார். பிப்ரவரியில் பரிமாற்றத் திட்டங்களுக்கான பணமும் நின்றது. வெளிநாட்டில் படிக்கப் போனவர்கள் உதவித்தொகை வராமல் வாடகைக்கு முழித்தார்கள். மே மாதம், கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத்திலிருந்து 69 கோடி டாலருக்கு மேல் வெட்ட வேண்டும் என்று வெள்ளை மாளிகை காங்கிரஸிடம் கேட்டது. மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் அதிகம். ஜூனில் ஃபுல்பிரைட் வாரியத்தின் உறுப்பினர்கள், தேர்வில் அரசியல் தலையீடு என்று சொல்லி, கிட்டத்தட்ட மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். இவர்கள்தான் நம் ஊர்ப் பெண்கள் குழுவிடம், பணம் நின்ற பிறகும் உங்கள் திட்டம் நிலைத்து நிற்குமா என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் கேட்டவர்கள். தொண்ணூறு நாள் நிலைக்கத் தெரியாதவர்களுக்கு நிலைத்தன்மை பற்றி என்ன அக்கறை!

நம் அரசும் சும்மா இருப்பதில்லை. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, கன்னியாகுமரிச் சங்கமானாலும் முதல் கணக்கைப் புது டெல்லி ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். ஒரு சங்கம் வாங்கிய பணத்தை இன்னொரு சிறிய சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. பெரிய சங்கங்கள் வாங்கலாம், சின்னவை வேடிக்கை பார்க்கலாம். வாஷிங்டனுக்கும் டெல்லிக்கும் ஆயிரம் சண்டை இருக்கட்டும், குழாயடிப் பெண்ணின் கையில் காசு போய்விடக் கூடாது என்பதில் மட்டும் அபாரமான பரஸ்பரப் புரிதல்.

போய்வந்தவர்கள் எல்லோரையும் நான் திட்டவில்லை. அவர்களில் மனசாட்சியோடு உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கைக்காசு போட்டு மிச்ச வேலையை முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இறுதி அறிக்கையைத் தூதரகத்துக்கு அனுப்புகிறீர்கள், அந்த ஊருக்கு அனுப்புவதில்லை. அடுத்த முறை மானியம் கிடைத்தால் பட்ஜெட்டைத் தமிழில் எழுதி, பேச்சாளர் ஊதியம், மண்டப வாடகை, சாப்பாடு, ஃபிளெக்ஸ் என்று ஒவ்வொரு தொகையாக, கிராமசபைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். யாருடைய பெயரால் வாங்கினீர்களோ அவர்கள் கேள்வி கேட்டு முடிக்கும் வரை மேடையை விட்டு இறங்காதீர்கள்.