அம்பத்தூர்–ஆவடி–பூந்தமல்லி வட்டாரத்தில் பல்துறை நூல்களைக் கண்டடையும் நெறிகள்: ஓர் ஆய்வு

1. பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே அன்று என்பது நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் கொள்கை. அதற்கு அஞ்சித்தான் இன்றைய தமிழ் நூல் மூன்று அணிந்துரை, இரண்டு வாழ்த்துரை, ஒரு பதிப்புரை, ஓர் என்னுரை ஆகியவற்றைக் கடந்து முப்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. இக்கட்டுரைக்கு அணிந்துரை கேட்டு அணுகிய அறிஞர், படிக்காமலே தருவதாக அன்புடன் ஒப்புக்கொண்டார். படித்துவிட்டுத் தரும்படி வேண்டியதும் உடல்நிலையைக் காரணம் காட்டிவிட்டார். ஆகவே சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டையும் நாமே சொல்லிக்கொள்வோம்.

ஆக்கியோன் பெயர்: தேவைப்படாது. வழி: முதல்நூல், வழிநூல் என்பார் சான்று காட்டுக. எல்லை: வடக்கே புழல் ஏரி, தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி, கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம். நூற்பெயர்: மேற்கண்டது, இடையில் மூச்சு வாங்கலாம். யாப்பு: உரைநடை. நுதலிய பொருள்: ஒரே வகைப் புத்தகத்தையே படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் மற்ற வகைப் புத்தகங்களை எங்கே சந்திக்கிறார் என்பது. கேட்போர்: ஐயம். பயன்: பதவி உயர்வு.

2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சியாகவே இருக்கிறது. அற்றேல், மூன்று உள்ளாட்சிகளை ஓர் ஆய்வில் அடக்குதல் முறையோ எனின், புத்தகப் பூச்சி வார்டு எல்லை பார்ப்பதில்லை என்க (நேரில் கண்டது).

2. முன்னாய்வுகள்

இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை. இவ்வாறு எழுதுவது ஆய்வு மரபு. தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது மரபன்று.

3. வகைப்பாடு

நூல் கண்டடையும் நெறிகள் ஏழு.

அ) நண்பர் பரிந்துரை: நண்பர் தாம் படித்ததைத்தான் சொல்வார், அதையும் திருப்பிக் கேட்பார்.

ஆ) விருதுப் பட்டியல்: விருது அறிவித்த மறுநாள், அந்நூலை முன்பே படித்துவிட்டதாகச் சொல்வோர் தொகை அச்சான படிகளின் தொகையை மிஞ்சும்.

இ) இணையக் கடை: ஒரு கொலைக்கதை வாங்கியவருக்கு வாழ்நாள் முழுவதும் கொலையையே காட்டும்.

ஈ) திருமணத் தாம்பூலப் பை: திருக்குறள். வேறு நூல் கிடைத்ததாகச் சான்றில்லை.

உ) சென்னைப் புத்தகக் காட்சி: 1977 முதல் நடக்கிறது, பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஆவடியிலிருந்து நந்தனம் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தள்ளுபடி ஆட்டோவுக்கும், மீதி மிளகாய் பஜ்ஜிக்கும் சரியாகிவிடும். அரங்கு எண் தெரிந்து போகிறவர் வாங்க நினைத்ததை மட்டும் வாங்கித் திரும்புவார். வழி தவறியவர்தான் பூச்சியியல் நூலோடு வருவார் (தினத்தாள் கிழிசல்; தேதி இருந்த பகுதியில் எலி).

ஊ) தோள்மேல் வாசிப்பு: அரக்கோணம் மார்க்க லோக்கலில் நிற்பவர், உட்கார்ந்திருப்பவரின் புத்தகத்தை மேலிருந்து படித்தல். இதன் குறை, பக்கம் திருப்பும் உரிமை பிறரிடம் இருப்பது. வில்லிவாக்கத்தில் பிடித்த கதையைப் பட்டரவாக்கத்தில் இழந்து, அன்னனூர்வரை ஜோதிடம் படித்து, ஆவடியில் ஆங்கில இலக்கணத்தோடு இறங்கினோர் உளர் (ஜன்னலோர இருக்கையார், வாய்மொழிச் சான்று, கொரட்டூருக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையே, மேற்கோள் முடியுமுன் இறங்கிவிட்டார்).

இம்மார்க்கத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. சென்னை வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய புத்தகம் பொறுக்கிய மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. அதன் பெயர் இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்தான். ஆக, அம்பத்தூர்க்காரர் ஒவ்வொரு மாலையும் ஒரு பழைய புத்தகச் சந்தையின் மேல் நின்றுதான் வண்டி பிடிக்கிறார். ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த நாளும் 1863 மே 30. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் ஆய்வாளர் அல்லர். இதைவிட மெலிந்த ஒற்றுமையை வைத்து முனைவர் பட்டம் வாங்கி, அதை வைத்து வீடும் வாங்கியவர்கள் உண்டு.

எ) பழைய பேப்பர் கடை, அதாவது காயலான் கடை. இது தனி இயலுக்குரியது.

4. காயலான் கடை அடுக்கியல்

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் படிக்கப் போன காலத்தில் ஒரு பெருங்கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பலவாறாகப் பூட்டிக் காட்டுவதைப் பார்த்தார். 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறைக்கு அதுவே பொறி என்பது நூலகத் துறையார் விரும்பிச் சொல்லும் செய்தி. லண்டன் பொம்மையிலிருந்து உலகறிந்த பகுப்பு முறை பிறக்கலாம் என்றால் அம்பத்தூர் ஓ.டி. மூட்டையிலிருந்து ஒன்று பிறந்தால் ஆகாதோ?

ரங்கநாதன் எதையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐங்கூறாகப் பார்ப்பார். அவர் வழியில் காயலான் கடையைப் பகுப்போம். ஆளுமை: அண்ணாச்சி. பொருள்: காகிதம், அதில் அச்சாகியிருப்பது அண்ணாச்சியின் பொருளன்று. ஆற்றல்: அடிமூட்டையை இழுக்கும் கை. இடம்: கால் வைக்க இல்லை. காலம்: ஞாயிறு காலை, பால் கவர் கட்டோடு மாமிகள் வந்து சேருமுன்.

பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையுள்ள கல்லாயுதங்கள் கிடைத்த அத்திரம்பாக்கம், ஆவடியும் பூந்தமல்லியும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மண்ணடுக்கை வைத்துக் காலம் கணிப்பது நம் மாவட்டத்தாருக்குக் கைவந்த கலை. கடையின் அடுக்குகள் மேலிருந்து கீழாக வருமாறு:

முதல் அடுக்கு, பள்ளிக் காலம். கோனார் உரை, பிளஸ் டூ கைடு. மே, ஜூனில் தடிக்கும், மழைக்காலத்தில் மெலியும்.

இரண்டாம் அடுக்கு, தேர்வுக் காலம். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு நூல்கள். தொடக்கப் பக்கங்களில் மூன்று நிற மைக்கோடு. அதன்பின் கடைசிவரை மனிதக் காலடி படாத நிலம்.

மூன்றாம் அடுக்கு, மாத நாவல் காலம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ரமணிசந்திரன். கொலையும் கல்யாணமும் ஒரே சணலில் கட்டப்பட்டிருப்பதால் ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதும் வந்து சேரும்.

நான்காம் அடுக்கு, பைண்டிங் காலம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் போன்ற தொடர்களை வாராவாரம் கிழித்து, வீட்டிலேயே தைத்த தொகுதிகள். கதைப் பக்கத்தின் மறுபுறம் சமையல் குறிப்பும் பல்பொடி விளம்பரமும் இருக்கும். சோழநாட்டுச் சதியை அறியப் போனவர் ரசவாங்கியும் கற்று வருவார். பல்துறை வாசிப்புக்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

ஐந்தாம் அடுக்கு, சோவியத் காலம். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் வெளியீடுகள். கெட்டி அட்டை, கெட்டித் தாள், கெட்டித் தமிழ். 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் படிவு அடியோடு நின்றதால் இவ்வடுக்கின் காலம் ஐயமற்றது. இந்நூல்களைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்ற நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இருப்பதோ அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில், லேத் பட்டறைகளுக்கு நடுவே. எனவே மாஸ்கோவும் அம்பத்தூரும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பாயிருந்து பின்னர் கடல்கோளால் பிரிந்தன என்று கொள்ள இடமுண்டு. கடல் கொண்டதாக மேடையில் முழங்கப்படும் கண்டங்களுக்கு இவ்வளவு சான்றுகூடக் கிடையாது.

ஆறாம் அடுக்கு, மாற்றல் காலம். இது ஆவடிக்கே உரியது. விமானப்படை, சி.ஆர்.பி.எஃப்., டேங்க் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பங்கள் வரும். மாற்றல் ஆணை வந்ததும் போகும். பீரோவும் குக்கரும் லாரியில் ஏறும், புத்தகம் எடைக்குப் போகும். ஆகவே ஆவடி மூட்டையில் மலையாள நாவலும் இந்திக் கவிதையும் ஹாட்லி சேஸும் கட்டிப் புரண்டு கிடக்கும். எந்தப் பல்கலைக்கழக ஒப்பிலக்கியத் துறையிலும் காணாத நெருக்கம் இது.

இனி எடை. ஒரு படைப்பு கனமானதா, மேலோட்டமானதா என்று திறனாய்வாளர்கள் காலங்காலமாக அடித்துக்கொள்கிறார்கள். அண்ணாச்சி தராசில் வைத்துச் சொல்லிவிடுகிறார். அவ்வகையில் மிகக் கனமான தமிழ் நூல் பழைய டெலிபோன் டைரக்டரி. புதுக்கவிதைத் தொகுப்புகள் மிக மலிவு. சோஷலிசப் பாணிச் சமுதாயமே இலக்கு என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது 1955-ல் ஆவடியில்தான். அத்தீர்மானம் குறைவின்றி நடைமுறையிலிருக்கும் ஒரே இடம் அவ்வூர்ப் பேப்பர் கடை. ஞானபீடமும் ஜோதிடமும் அங்கே ஒரே கிலோ விலை.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதை முகபாவ விதி என்போம். மூட்டையிலிருந்து ஒன்றை உருவியதும் உங்கள் முகம் மலர்ந்தால், “சார், அது வெயிட்டு கணக்குல வராது, புக்கு ரேட்டு” என்பார் அண்ணாச்சி. ஆகவே தேர்ந்த ஆய்வாளர் அரிய நூலைக் கண்டதும் பல்வலி வந்தவர்போல் நிற்பார். கைக்குச் சிக்கியதைப் பிரித்துப் பார்க்காமல், வேண்டாத நான்கின் நடுவே வைத்துக் கொடுப்பார். இம்முறையில் வீடு வந்து சேர்வன பெரும்பாலும் அந்த வேண்டாத நான்கே. அவற்றில் ஒன்றுதான் இரவு இரண்டு மணிவரை விளக்கை அணைக்க விடாது. (விரிவுக்கு: பக்கோடாப் பொட்டலச் சுவடி, அம்பத்தூர்ப் படி, முதற்பக்கமும் இறுதிப்பக்கமும் இல்லை, நடுவில் எண்ணெய். பாடபேதம்: ஆவடிப் படியில் எண்ணெய் நின்ற இடத்தில் தேங்காய்ச் சட்னி, பூந்தமல்லிப் படியில் இரண்டும். சட்னியே மூலபாடம் என்பர் பழைய உரைகாரர். அது இடைச்செருகல் என்பர் புதியவர். இரண்டையும் நக்கிப் பார்த்து முடிவு சொல்ல அமைத்த குழு, மூன்றாம் கூட்டத்தோடு சான்றைத் தீர்த்துவிட்டது.)

5. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

இவ்வாறு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பதை நன்னூல் கண்டிக்கிறதே என்பர். உண்மை. தழை நிறைந்திருந்தாலும் ஓரிடத்தில் நின்று வயிறு நிரப்பாமல் செடிக்குச் செடி தாவும் ஆட்டைக் கடைமாணாக்கர் வரிசையில் வைத்தார் பவணந்தியார். ஓரிடத்தில் வயிறு நிரம்ப மேய்ந்து அசைபோடும் பசுவுக்குத் தலைமாணாக்கர் வரிசையில் இடம் தந்தார்.

அவர் காலத்துப் பசு எப்படியோ, அறியோம். நம் காலத்தில் ஒரே நாவலாசிரியரின் ஒரே நாவலை மேய்ந்து, அதையே முப்பது கருத்தரங்குகளில் அசைபோட்டு, பணம் கட்டினால் மூன்றே நாளில் அச்சிடும் பன்னாட்டு ஆய்விதழில் சாணமும் இட்டுவிட்டு ஓய்வு பெறுவோர் உளர். ஆடோ சுவரொட்டியையும் விடுவதில்லை. சினிமா, அரசியல், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதற்கு ஒரே பசி. ஆட்டை மேல்வரிசைக்கு மாற்றுமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

6. முடிவு

வகை பிரித்து அடுக்கிய அலமாரி, வகை தெரிந்து வருகிறவருக்கே பயன்படும். தனக்கு என்ன பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கு, அடுக்காத குவியலே ஆசான். பகுப்பு முறைக்கே பேர்போன ரங்கநாதனுக்கும் இது தெரியாததன்று. 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்கிறது. அதற்காகவே வாசகரை அலமாரிகளுக்கிடையே தாராளமாக நடமாட விடச் சொன்னார். நடந்தால்தானே தடுக்கி விழ முடியும்?

அவர் பாடுபட்டு வந்தது 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதன்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி சேர்த்து வாங்கப்படுகிறது. அம்பத்தூரானாலும் ஆவடியானாலும் பூந்தமல்லியானாலும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணம் உங்களிடமிருந்து ஏற்கெனவே போய்விட்டது. கிளை நூலகத்தில் இருப்பது நீங்கள் விலை கொடுத்த புத்தகம். ஞாயிறு காலை காயலான் கடைக்குப் போங்கள். மற்ற நாளில் நூலகத்துக்குப் போய், உங்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வாருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். எடை போட மாட்டார்கள்.