அட்டவணைச் சித்தப்பா

ஆனி பிறந்து குற்றாலச் சீசன் வந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் போன் ஓயாது. எங்கிருந்து யார் கூப்பிட்டாலும் நலம் விசாரிப்பு கிடையாது, "தண்ணி விழுதா?" என்று ஒரே கேள்விதான். சாதாரணத் தென்காசிக்காரர் மொட்டை மாடிக்குப் போய் மேற்கே மலையைப் பார்ப்பார். "நல்லா மேகம் போட்டிருக்கு, கிளம்பி வாங்க" என்பார். அதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் தெருவுக்கு ஒரு சித்தப்பா இருக்கிறாரே, அவர் அப்படி விடமாட்டார். "எத்தனை பேரு? பொம்பளையாளுக எத்தனை? முட்டு வலிக்காரங்க உண்டா?" என்று திருப்பிக் கேட்பார். அன்று ராத்திரியே தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை ஏறிவிடும்.

அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். 4.30 எழுப்புதல். 5.10 பேரருவி. 6.40 டீ, வடை (ஆளுக்கு ஒன்று). 7.15 ஐந்தருவி. 9.00 இட்லி, குரங்குத் தொந்தரவுக்குப் பத்து நிமிஷம் தனி ஒதுக்கீடு. 10.00 சின்னப்பிள்ளைகளுக்காகப் புலியருவி. 11.00 பழைய குற்றாலம். செண்பகாதேவிக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி. வனத்துறை அனுமதி கிடைத்தால் என்று அர்த்தம். நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருக்கிறது. சாயங்காலம் காசி விஸ்வநாதர் கோயில்; அதிலும் "கோபுர வாசலில் காற்று வாங்க ஏழு நிமிஷம்."

பேரருவிக்கு முன்னால் நின்று அவர் ஆற்றும் சொற்பொழிவு எந்த வருஷமும் தவறியதில்லை. மேலிருந்து வருகிற தண்ணீர் பாதியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழிக்குள் விழுந்து, நிரம்பி, வேகம் அடங்கித்தான் கீழே கொட்டுகிறது. "அது மட்டும் இல்லைன்னா ஒருத்தன் மண்டையும் தப்பாது, கேட்டியா?" என்பார். யார் கேட்கிறார்கள்? கூட்டம் எப்போதோ தண்ணீருக்குள் போயிருக்கும்.

உள்ளே போனவர்களை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். அருவி இரைச்சலில் கூப்பிடுவது காதில் விழாது. அதற்காகச் சித்தப்பா ஒரு விசில் வாங்கினார், போலீஸ்காரர் வைத்திருப்பது போலவே. சரியாக 6.30க்கு ஊதினார். விருதுநகர்க்காரர்கள் பதினைந்து பேர் பயந்துபோய் வெளியே வந்தார்கள். நம் வீட்டு ஆட்கள் அசையவில்லை. விசிலின் சொந்தக்காரர் யார் என்று அவர்களுக்குத் தெரியுமே.

மலையும் அவரை மதிப்பதில்லை. மேலே மழை வலுத்துத் தண்ணீர் பேரருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அன்றைக்குச் சித்தப்பாவின் ரப்பர் தேய்ந்துவிடும். ஐந்தருவியை முன்னுக்கு இழுப்பார்; அங்கேயும் தடை என்றால் மங்குஸ்தான் வாங்குவதை நாற்பது நிமிஷமாக நீட்டுவார்.

ஹூஸ்டனில் இருக்கிற அண்ணன் மகன், கால்வெஸ்டனில் கப்பலேறி மெக்சிகோ போகப்போவதாகச் சொன்னபோது சித்தப்பாவுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! கோசுமெல்லில் ஒரு நாள், ப்ரோக்ரெஸோவில் ஒரு நாள். ப்ரோக்ரெஸோவில் கப்பல் நிற்கிற பாலமே கடலுக்குள் ஆறரை கிலோமீட்டர்; தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். காலையில் இறங்கிக் கடற்கரையில் கிடந்துவிட்டு, சொன்ன நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பிந்தினால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்தில் சொந்தக் காசில் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அதாம்ல ஒழுங்கு!" என்றார் சித்தப்பா. பிறகு, "அங்கன துணி மாத்த மறைவு உண்டா? பையை யாரு பாப்பா?" என்று விசாரித்தார். காற்று பலமாக இருந்தால் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டே கப்பல் போய்விடுமாம் என்று அவன் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப அங்கயும் ஆர்ச் உண்டுன்னு சொல்லு."

அந்த வருஷம் கப்பல் சட்டம் இங்கேயும் அமலுக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்கு வேன் புறப்படும், இருக்கிறவர்களோடு. பன்னிரண்டு அடித்தது. வேனில் இருந்தது சித்தப்பாவும் ஒன்பது பைகளும். டிரைவர் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார்.

அதனால் மத்தியானச் சாப்பாடு பிரானூர் பார்டருக்கு மூன்று மணிக்கு நகர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு அங்கே பார்டரே கிடையாது. சோதனைச்சாவடி புளியரைக்குப் போய் வெகுகாலமாகிறது. பரோட்டா மட்டும் பிரானூரை விட்டு நகரவில்லை. சித்தப்பா அன்று ஐந்து சாப்பிட்டார். அட்டவணையில் இரண்டுதான் போட்டிருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள்; நீங்கள் குளிக்கிற நேரத்தில் செருப்பையும் போனையும் பர்ஸையும் ஈரமில்லாத ஒரே துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சாரலில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். வேனில் முன் சீட்டை அவருக்கே விட்டுவிடுங்கள். விசிலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.