சாம்பார் வாளியும் எதிர்காலமும்

கேள்வி: பையன் ஓட்டலில் சர்வராகப் போகிறேன் என்கிறான். அதில் முன்னேற வழி உண்டா? (ஒரு வாசகர், ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்)

பதில்: உண்டு. உடுப்பிப் பக்கத்துக் கார்கலாக்காரர் ஜெயராம் பனான் 13 வயதில் வீட்டைவிட்டு ஓடி (இந்தப் பகுதியைப் பையனிடம் சொல்லாதீர்கள்), பன்வேல் பக்கம் ஒரு கேன்டீனில் மாதம் 18 ரூபாய்க்குப் பாத்திரம் கழுவினார். பிறகு சர்வர், மேனேஜர் என்று ஏறி, 1986-ல் டெல்லி டிஃபன்ஸ் காலனியில் ‘சாகர்’ ஓட்டலைத் திறந்தார். சாகர் ரத்னா கடைகள் அதிலிருந்து கிளைத்தவை. சர்வர் வேலைக்கு ஒரு வசதி உண்டு: சமையல்காரர் அடுப்பைப் பார்க்கிறார், கேஷியர் நோட்டைப் பார்க்கிறார். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பது சர்வர்தான். எந்தப் பலகாரம் பாதியில் மிஞ்சுகிறது, எந்த மேஜை சீக்கிரம் காலியாகிறது என்பதெல்லாம் முதலாளிக்கு முன்பே அவருக்குத் தெரியும். சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கும் வியாபாரப் படிப்பு இது.

‘பனான் ஆயிரத்தில் ஒருவர்’ என்பீர்கள். சரிதான். உங்கள் நகருக்குப் பெயர் தந்த ஏ.எஸ்.ராவ் இ.சி.ஐ.எல். என்ற மின்னணு நிறுவனத்தை உருவாக்கிய எஞ்சினியர். எஞ்சினியர்கள் எல்லோரும் ராவ் ஆனார்களா? ஆகாதவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா? கேப்டன், சூப்பர்வைசர், மேனேஜர் என்று இங்கும் படிகள் உண்டு. அதற்குப் பில், ஸ்டாக் கணக்கு, நாலு மொழி பழக வேண்டும். டிப்ஸையோ சர்வீஸ் சார்ஜ் பங்கையோ நம்பிக் கடன் வாங்க வேண்டாம். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டுதலை டெல்லி உயர்நீதிமன்றம் 2025-ல் உறுதிசெய்துவிட்டது. சேரும்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். முதலாளி முறைத்தால் பக்கத்து ஓட்டல், அங்கேயும் சாம்பார்தான்.