நன்னிலம் விட்டு நல்ல நிலம் தேடி

ஊர்ப் பெயரே நன்னிலம். ஆனாலும் புதுவாழ்வுக்கு நல்ல நிலம் தேடுவோர் சென்னைக்கே ரயிலேறுகிறார்கள். வயலில் தண்ணீர் தேங்கிச் சம்பா அழுகுகிறது என்பது அவர்கள் சொல்லும் நியாயம்; பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பயந்தவர்கள் கடன்பட்டு வீடு வாங்குவதோ வேளச்சேரியில், பள்ளிக்கரணையில்: ஒன்று சுருங்கிப்போன ஏரியின் கரை, மற்றது சதுப்பு நிலம். 2015 டிசம்பரில் அங்கே தெருவில் படகு ஓடியது. இங்கே தேங்கினால் பயிர்க் காப்பீடாவது கேட்கலாம். அங்கே மாதத் தவணை வடிவதில்லை. ‘கே. பாலசந்தர் இங்கேயே இருந்திருந்தால் இயக்குநர் ஆகியிருப்பாரா?’ என்பார்கள். மாட்டார்தான். ஆனால் 1930இல் நன்னிலத்தில் பிறந்த அவர் சென்னைக்குப் போனது புதுவாழ்வு தேடியல்ல, கணக்காயர் அலுவலக வேலைக்கு. வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்கு என்றே சொல்லிவிட்டுப் போகலாமே! மனைதான் வாங்குவீர்கள் என்றால், அந்தச் சர்வே எண் பழைய கிராமக் கணக்கில் ஏரியா, தாங்கலா, கழுவெளியா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.