‘இதர’ என்னும் பெருந்தலைப்பு

வாடகைக் கணினிகளுக்கான கட்டணத்தைச் சேவைவாரியாகப் பிரித்துக் காட்டவென்றே அமேசான் வெப் சர்வீசஸ் வழங்கும் ‘காஸ்ட் எக்ஸ்ப்ளோரர்’ கருவியில் ‘இசி2-அதர்’, அதாவது ‘வாடகைக் கணினி-இதர’, என்றொரு தலைப்பு உண்டு. வட்டுகளின் வாடகை, அவற்றின் நகல்கள், தரவுப் போக்குவரத்து, உள்வலையிலுள்ள கணினிகளை இணையத்தோடு இணைக்கும் ‘நாட் கேட்வே’ ஆகிய யாவும் அதற்குள் அடங்குவதால், தெளிவு தேடிச் சென்ற கணக்காளருக்குக் கிடைப்பது கல்யாணக் கணக்கின் ‘இதர செலவு’ போன்றதொரு விளக்கமே. வடக்கு வர்ஜீனியாவில் அந்த நாட் கேட்வே, சும்மா இருப்பதற்கு மணிக்கு 0.045 டாலரும், உழைக்க நேர்ந்தால் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் கூடுதலாக அதே 0.045 டாலரும் பெறுகிறது. ஓய்வையும் உழைப்பையும் இவ்வளவு சமமாக மதிக்கும் முதலாளியத்தைக் காண்பது அரிது. கணினியின் பொது ஐபிவி4 முகவரிக்கு 2024 பிப்ரவரி முதல் விதிக்கப்படும் மணிக்கு 0.005 டாலரோ, கணினியின் தலைப்பிலும் வராமல், ‘இதர’விலும் வராமல், ‘விபிசி’ என்னும் வலையமைப்புச் சேவையின் பெயரில் தனியே குடியிருக்கிறது.