பானை செய்தால் பாயிண்ட் குறையும்

மதுரைப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவே காலத்தை ஓட்டியவன் நான். கூட்டினால் கூடும், கழித்தால் குறையும் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். டெக்சாஸில் கூட்டினாலும் குறைகிறது.

டல்லாஸுக்கு வடக்கே மகன் வீடு. பேத்தி பதினோராம் வகுப்பு. பன்னிரண்டாவதில் என்னென்ன பாடம் எடுக்கப் போகிறாள் என்று இப்போதே குறித்துக் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்று ஒரே வார்த்தையில் தலையெழுத்து முடிந்துவிடும். இங்கே பட்டியலைப் படித்து முடிக்க ஒரு காபி போதாது. பேத்தி கால்குலஸ், இயற்பியல் என்று ஆறு ஏ.பி. பாடங்களை மளமளவென்று குறித்தாள். மகன் முகத்தில் பெருமிதம். ஏழாவதாக ‘செராமிக்ஸ்’ என்று எழுதினாள். மண்ணைப் பிசைந்து பானை சட்டி செய்கிற வகுப்பு. மகன் லேப்டாப்பைத் திறந்தான்.

ஏ.பி. என்றால் பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம். அதில் ‘ஏ’ வாங்கினால் 5 பாயிண்ட். சாதாரணப் பாடத்தில் அதே ‘ஏ’வுக்கு 4. இது இவர்கள் பள்ளி மாவட்டத்துக் கணக்கு; 6 வரை கொடுக்கிற மாவட்டமும் உண்டு. ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மரக்கால். ஆறு ஏ.பி.யிலும் ‘ஏ’ என்றால் சராசரி 5. அதோடு பானை வகுப்பின் 4-ஐச் சேர்த்தால் 34-ஐ ஏழால் வகுக்க வேண்டும்: 4.857. எக்செல்லில் அந்தக் கட்டம் மட்டும் சிவப்பாக மாறியது.

“நூத்துக்கு நூறு வாங்குனாலுமா குறையும்?” என்றாள் என் மனைவி.

“ஆமாம்மா.”

“அந்த நேரத்துல ஒண்ணும் படிக்காம சும்மா இருந்தா?”

“ஆஃப் பீரியட் எடுத்துக்கலாம். அஞ்சு அப்படியே நிக்கும்.”

“அப்ப தூங்குறவளுக்கு அஞ்சு, படிக்கிறவளுக்கு நாலே முக்காலா? இதக் கேக்கவா இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறி வந்தோம்?”

மகன் என்னைப் பார்த்தான். “அப்பா, நீங்களே சொல்லுங்க. கணக்குல தப்பு இருக்கா?”

தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

இந்தக் கூத்துக்கு வேர் ஒரு சட்டம். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 1996-ல் நீதிமன்றம் சொல்லிவிட, ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது 1997-ல் டெக்சாஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. எந்தப் பள்ளியானாலும் சரி, வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். பருத்திக்காட்டுப் பள்ளிக்கும் பணக்காரப் பள்ளிக்கும் ஒரே வாசல். அருமையான யோசனை என்றே நான் சொல்வேன். ஆனால் எல்லோரும் ஆஸ்டின் வளாகத்துக்கே முண்டியடித்தார்கள். 2009-ல் அந்த வளாகம் மட்டும் இந்த நிச்சய இடங்களுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். அங்கே அந்தப் பத்து சதவீதம் சுருங்கி 6 ஆகி, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது.

பேத்தி வகுப்பில் 700 பேர். 5 சதவீதம் என்றால் 35. ரேங்க் போடுவது அந்தப் பாயிண்ட் சராசரியை வைத்துத்தான். முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ‘ஏ’தான், சண்டை மூன்றாவது தசம ஸ்தானத்தில் நடக்கிறது. அடுத்த தெருப் பையன் ஆறாம் வகுப்பிலிருந்து வாசித்த வயோலாவைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டானாம். ஆர்கெஸ்ட்ராவும் 4 பாயிண்ட் ஜாதி. வாட்ஸ்அப் குழுவில் அவன் அம்மாவுக்கு ஒரே கைதட்டல்.

சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் பள்ளியில் இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழுக்குச் சுழி. தமிழ் ஐயா வகுப்புக்குள் நுழைந்ததும் பின்பெஞ்சில் என் கணக்கு நோட்டு விரியும். ஐயா ஆசிரியர் அறையில் என்னை முறைப்பார். நான் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். 2017-ல் தமிழ்நாட்டில் ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தினார்கள். அப்பாடா என்றிருந்தது. அந்தச் சனியன் விசா வாங்கி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பேத்தி அதுவரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில், “அப்பா, ஆஸ்டின்ல லெவன்த் முடிவுல இருக்குற ரேங்க்கத்தான் பாப்பாங்க. ட்வெல்த்ல நான் பானை செஞ்சா என்ன, செங்கல் சூளை வச்சா என்ன?” என்றாள்.

மகன் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப வேலடிக்டோரியன்? ஃபர்ஸ்ட் ரேங்க் வந்தா அரசுக் கல்லூரியில முதல் வருஷம் டியூஷன் ஃபீஸ் கிடையாதே!”

“நான் இப்ப இருபத்தெட்டு. எனக்கு முன்னாடி இருக்குற இருபத்தேழு பேருக்கும் பரீட்சை அன்னைக்கு வயித்தால போகணும்.”

அவன் அதையும் கொஞ்சம் யோசித்தான் என்றே எனக்குப் பட்டது. மற்ற கல்லூரிகள் அரையாண்டு மார்க்கைக் கேட்குமே என்று கடைசியாக ஒரு கல்லை விட்டெறிந்தான். “கேக்கட்டும்ப்பா, ஏழு ‘ஏ’ அனுப்புறேன்” என்றாள் அவள்.

அதற்குள் மனைவி விஷயத்துக்கு வந்துவிட்டாள். “கார்த்திகைக்கு இருபத்தஞ்சு அகல் வேணும் தாயி. போன வருஷம் இந்தியக் கடையில வாங்குனது அம்புட்டும் எண்ணெய் ஒழுகிருச்சு. அப்படியே மீன் குழம்புக்கு ஒரு சட்டி.”

“சூளையில வெடிக்காம வந்தாத் தரேன் அப்பத்தா.”

மகன் ஏழாவது வரியைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினான்.

“சட்டிக்கு மூடியும் சேத்துச் செய்யச் சொல்லுங்கத்தை” என்று அடுப்படியிலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்.