ஊதுதது இருக்கட்டும், ஆடுவியா பேராண்டி?

ஏலே பேராண்டி, கலிபோர்னியா டிஸ்னிலேண்டுல கோடை லீவுக்குக் கல்லூரிப் பிள்ளைகளைச் சேத்து பேண்டு நடத்துதாவளாமே, அதுக்கு ஆடிஷன் போறியாம். எந்தப் பாட்டை ஊதலாம்னு ஊரு முழுக்கக் கேட்டுட்டு, கடைசியா இந்தக் கிழவனுக்கும் போன் போட்டிருக்கே. பல்லு போன நாயனக்காரன்கிட்ட ட்ரம்பெட்டுக்கு யோசனை கேக்கவன் பெரிய கெட்டிக்காரனாத்தான் இருப்பான்.

என்ன பட்டியல்லே அது? ஹெய்டன் 1796-ல எழுதின ட்ரம்பெட் கான்செர்ட்டோ. அது போதாதுன்னு ஆர்பனோட ‘கார்னிவல் ஆஃப் வெனிஸ்’ வேற. சபாஷ்! விரலு பறக்கும், நாக்கு தெறிக்கும், உன் வாத்தியாருக்குக் கண்ணு கலங்கும். ஆனா அந்தப் பூங்காவுல கேக்கப் போறவன் யாரு? தலையில எலிக்காது, ஒரு கையில தின்பண்டம், மறு கையில அழுத பிள்ளை, மனசெல்லாம் அடுத்த ராட்டினத்து வரிசை. அவன் ஹெய்டனுக்காகவா டிக்கெட் எடுத்தான்? ஓடுதவன் காலை எந்தப் பாட்டு நிறுத்துமோ, அந்தப் பாட்டைத் தேடு.

அந்த ஊரு கதையைக் கேளு. 1955 ஜூலை 17, பூங்கா திறந்த அன்னைக்கே பேண்டு உண்டு. வெஸி வாக்கர்ங்கிறவரு தலைமையில ரெண்டே வாரத்துக்குன்னு கூப்பிட்டாவ. சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு, மனுஷன் 1970 வரைக்கும் நடத்தினாரு. நீ போற கல்லூரி பேண்டு 1971-ல வந்தது. 2015-ல, பூங்காவுக்கு அறுபது வயசானப்போ, பழைய பேண்டை மாத்தி, ஆட்டமும் வேகமும் கூடின புது பேண்டை இறக்கினாவ. பழைய ஆளுகளும் வேணும்னா மறுபடி ஆடிஷனுக்கு வரணும்னுட்டாவ. வருசக்கணக்கா ஊதினவனுக்கே இந்தக் கதின்னா, உன் கான்செர்ட்டோ எந்த மூலைக்குலே?

முதல்ல அறிவிப்பை முழுசா வாசி. நீ வாசிச்சிருக்க மாட்டே, எனக்குத் தெரியும். ஸ்கேல் கேட்டிருந்தா ஸ்கேலை ஊது. ரெண்டு பாட்டு கேட்டிருந்தா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத ரெண்டா எடு. ரெண்டும் ஓட்டப்பந்தயமா இருந்தா, இவனுக்கு நிக்கத் தெரியாதுன்னுதான் நினைப்பாவ.

நிதானத்துக்கு ‘வென் யூ விஷ் அபான் எ ஸ்டார்’ இருக்கு. 1940-ல வந்த ‘பினோக்கியோ’ படத்துக்கு லீ ஹார்லைன் போட்ட மெட்டு. லேசுன்னு நினைக்காதே. எடுத்த எடுப்புல, ரெண்டாவது சுரத்துக்கே ஒரு ஸ்தாயி மேல தாவணும். ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. உன் காத்து சுத்தமா இருக்கா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சுபோகும். துள்ளலுக்கு லூயி பிரைமா 1936-ல எழுதின ‘சிங், சிங், சிங்’ எடு. அவரும் ட்ரம்பெட்காரருதான். 1967-ல வந்த ‘ஜங்கிள் புக்’ படத்துல குரங்கு ராசாவுக்குக் குரல் குடுத்ததும் அவருதான். உன் சேட்டைக்கு ஏத்த ஆளு.

ஆனா ஒண்ணு, ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ மட்டும் வேண்டாம். ஷெர்மன் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குன்னு போட்ட நல்ல பாட்டுதான். ஆனா பூங்காவுல அந்தப் பாட்டு பேருலயே இருக்க படகுச் சவாரியில அது விடிஞ்சதுலேருந்து அடையுத வரைக்கும் ஓடுது. அங்க சம்பளம் வாங்குதவன்கிட்டப் போயி அதையே ஊதினா, பாவம், அந்த மனுஷன் என்ன செய்வான்?

உச்சி சுரத்தை நம்பிப் பாட்டை எடுக்காதே. வேலை கிடைச்சா, சீருடையை மாட்டிக்கிட்டு வெயில்ல ஒரே நாள்ல பல தடவை ஊதணும். உதடு தடிச்ச பிறகும் எது ஒழுங்கா வருதோ, அதுதான் உன் பாட்டு. தாளைப் பாத்து ஊதலாம்னு கனாக் காணாதே. கோயில் கொடையில கரகாட்டக்காரிக்கு எதிர நின்னு, பின்னாலயே நடந்துக்கிட்டு, இடுப்பையும் ஒடிச்சுக்கிட்டு ஊதினோமே, எங்க நையாண்டி மேளத்துல எவன் கையிலலே தாளு இருந்தது? மனப்பாடமா இருந்தாத்தான் காலு ஆடும், முகம் சிரிக்கும்.

இன்னொண்ணு, நல்ல இடத்தைக் கடைசிக்குன்னு பதுக்கி வைக்காதே. கேக்கவன் நடுவுலயே ‘போதும், நன்றி’ம்பான். உன் வித்தை பைக்குள்ளயே கிடக்கும்.

இனி அவன்கிட்ட இவன்கிட்ட யோசனை கேட்டு அலையாதே. உங்கம்மா அடுப்படியில நிக்கும்போது, பக்கத்து அறையில ஆடிக்கிட்டே ஒவ்வொரு பாட்டா ஊது. எந்தப் பாட்டுக்குக் கரண்டியும் கையுமா வாசல்ல வந்து நிக்காளோ, அதை ஆடிஷனுக்கு எடுத்துக்கோ. கதவைச் சாத்துனான்னா, அது உன் ஹெய்டன்.